துக்க வீட்டுக்கு வந்த பாட்டு

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், கும்மிடிப்பூண்டிச் சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்புப் பட்டறைகள் இரவு பகலாய் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பிரதேசத்திலே, ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் மரணம் நேர்ந்துவிட்டதென்றால், பந்தல்காரர் நாற்காலிகளைக் கொண்டுவந்து இறக்குவதற்கு முன்னரே சபை மூப்பர் ஒருவர் அட்டை நைந்த பாட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார். வாத்தியம் கிடையாது, சுருதி சேர்ப்பாரும் கிடையாது. அவர் கம்மிய குரலில் முதலடியை எடுத்துக் கொடுக்க, பெட்டியின் தலைமாட்டில் அமர்ந்திருக்கும் பெண்கள் விசும்பலுக்கு நடுவே அதைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருத்தி குரல் உடைந்து நிறுத்தினால் அடுத்தவள் தொடருவாள்.

இப்படிப் பாடப்படும் பழைய ஞானப்பாட்டுகளை இயற்றியவர்கள் எத்தகைய மனிதர்கள் என்பதை அறிந்தால், துக்கத்தின் நடுவில் கிறிஸ்தவ விசுவாசம் தரும் நம்பிக்கை இன்னதென்பது ஒருவாறு விளங்கும். ஜெர்மன் தேசத்தில் 1607-ஆம் ஆண்டு பிறந்த பவுல் கெர்ஹார்ட், பதினான்கு வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தவர்; 1618-இல் மூண்டு முப்பது வருஷம் அந்நாட்டைச் சுட்டெரித்த யுத்தத்தின் இடையிலே வளர்ந்தவர்; தமக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளில் நால்வரை அடக்கம் செய்து, 1668-இல் மனைவியையும் பறிகொடுத்தவர். அவர் எழுதிய சிலுவைப் பாட்டு இன்றும் பெரிய வெள்ளியன்று நம் தமிழ்ச் சபைகளில் ஒலிக்கிறது. பஞ்சணையில் சாய்ந்துகொண்டு பிறருக்கு ஆறுதல் சொன்ன ஒருவருடைய பாட்டாக அது இருந்திருந்தால், மூன்றரை நூற்றாண்டு தாண்டி நம்மவர் நாவில் நிலைத்திருக்குமா என்பது சந்தேகமே.

ஜெர்மானியப் பாட்டுகளை அவற்றின் மூல இராகங்களிலேயே பாடும்படி தமிழாக்கித் தந்தவர்களில் முதன்மையானவர் ஜெர்மானிய மிஷனெரியான பெப்ரீஷியஸ் ஐயர். 1740-இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742 முதல் சென்னையில் ஊழியம் செய்த இவருக்கும் நம் மாவட்டத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை சென்னையை முற்றுகையிட்டு, அங்கே அவர் ஊழியம் செய்த வேப்பேரி மிஷன் வளாகம் கொள்ளை போனபோது, அவர் அடைக்கலம் தேடி வந்த இடம் அக்காலத்தில் டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காடு. 1759 பிப்ரவரியில் முற்றுகை கலையும்வரை அந்த உப்பங்கழிக் கரைதான் அவருக்குப் புகலிடம். எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கிய கல்வாயிலோடு அங்கே இன்றைக்கும் நிற்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கிறவர்கள், தாய்நாட்டுக்குத் திரும்பாமலே மாண்ட எத்தனையோ பேரின் துக்கம் அந்த ஊரில் புதைந்து கிடக்கிறதென்பதை உணர்வார்கள்.

ஊர் திரும்பிய ஐயர் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1772-இல் அச்சேற்றினார், அகராதி தொகுத்தார். ஆயினும் அவருடைய முதுமை மிகவும் பரிதாபமானது. பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தைக் கடனாகக் கொடுத்து, அது திரும்பி வராமற்போக, அந்தக் கடனுக்காகச் சிறையிலும் இருக்க நேர்ந்தது. 1788-இல் பொறுப்புகளை மிஷனெரி கெரிக்கே ஐயரிடம் விட்டு விலகி, 1791 ஜனவரியில் எண்பது வயதில் கண்மூடினார். விசுவாசம் இருந்தால் கஷ்டம் அண்டாது என்று பிரசங்கிப்பவர்கள் இந்தச் சரித்திரத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

இன்னொரு காரியத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். துக்க வீட்டுக்குள் நுழைந்த மாத்திரத்தில், “அழாதீங்கம்மா, எல்லாம் தேவசித்தம்” என்று சொல்லி வாயடைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதே, ஆனாலும் இதற்கு வேதத்தில் ஆதாரம் தேடினால் கிடைப்பது அரிது. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும் இயேசு அவனுடைய கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். நூற்றைம்பது சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறையீடும் புலம்பலுமே. அவற்றுள் 88-ஆம் சங்கீதம் ஆறுதலின் சாயல்கூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அப்படிப்பட்ட ஒன்றையும் நீக்காமல் ஆராதனைப் புத்தகத்தில் வைத்திருக்கும் மார்க்கம், அழுகிறவனை அவிசுவாசி என்று சொல்லாது. கடவுளிடமே கடவுளைப் பற்றி முறையிடலாம் என்ற அந்தச் சலுகையில்தான், என் எண்ணத்தில், நம்பிக்கையின் முதல் வித்து இருக்கிறது. முறையிடுகிறவன் கேட்பார் ஒருவர் உண்டென்று நம்பித்தானே வாய் திறக்கிறான்.

அந்த நம்பிக்கையின் அடுத்த பங்கு, உயிர்த்தெழுதலைப் பற்றிய விசுவாசம். இதைத் தர்க்கத்தால் நிறுவுவதற்கு இக்கட்டுரை இடமன்று. ஆனால் ஜனங்கள் அதை எப்படி அநுசரிக்கிறார்கள் என்பதைப் பார்க்கலாம். அடக்க ஆராதனையில் ஒவ்வொருவராக வந்து ஒரு பிடி மண் போடுகிறார்கள். இறந்தார் என்பதை மறைக்காமல் கையால் ஒப்புக்கொள்ளும் சடங்கு அது. பிறகு ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் தேதி, கல்லறைத் திருநாளன்று, கத்தோலிக்கக் குடும்பங்கள் புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு பூசி, மெழுகுவர்த்தி ஏற்றுகின்றன; பங்குக் குருவானவர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரிசை வரிசையாகப் போகிறார். பிள்ளைகள் தாத்தாவின் பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்கள். மரித்தோர் இன்னும் குடும்பக் கணக்கில் இருக்கிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பிரசங்கமும் கற்பிப்பதில்லை.

இந்தக் கணக்கில் இடம் கிடைக்காதவர்களை நினைத்தால்தான் மனம் பொறுப்பதில்லை. கும்மிடிப்பூண்டியிலேயே இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாம் இருக்கிறது; கடலுக்கு அப்பால் விட்டுவந்த கல்லறைகளுக்கு விளக்கேற்ற வழியில்லாதவர்கள் அங்கே உண்டு. தொழிற்பேட்டையில் வேலை செய்ய ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்திருக்கும் இளைஞர்களில் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். தாய் இறந்த செய்தி தொலைபேசியில் வந்து, ரயில் ஏறினாலும் அடக்கத்துக்குள் போய்ச் சேர முடியாது என்று தெரிந்து, எட்டுப் பேர் தங்கும் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்கு யார் பாட்டெடுத்துக் கொடுப்பது? பாஷை தெரியாதென்று நம் சபையார் தயங்குகிறார்கள். பெப்ரீஷியஸ் ஐயருக்கும் தமிழ் தாய்மொழியன்று. மூப்பர்கள் இரண்டு பேர், ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, ஷிப்ட் மாறும் நேரம் பார்த்து அந்த அறைகளுக்குப் போய்வருவது இன்றைக்கே ஆரம்பிக்கக்கூடிய ஊழியம்.