டிக்கெட்டின் பின்னால் எழுதிய நாலு ரூபாய்

மாலை ஆறரை மணி. சிவாஜி நகர் போகும் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இல்லை. கண்டக்டரிடம் சில்லறை இல்லை. டிக்கெட்டின் பின்புறம் பேனாவால் '4' என்று எழுதிக் கொடுக்கிறார். இறங்கும்போது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய பாக்கி அது.

நிறுத்தம் வருகிறது. பின்னால் இருப்பவர்கள் தள்ளுகிறார்கள். ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, மறு கையில் காய்கறிப் பை. எப்படியோ இறங்கியாகிவிட்டது. பஸ்ஸும் போய்விட்டது. டிக்கெட் மட்டும் சட்டைப் பையில் இருக்கிறது.

"போகட்டும், நாலு ரூபாய்தானே!"

பெங்களூரில் பஸ் ஏறும் தமிழர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. பெட்டிக் கடையில் மீதி 2 ரூபாய்க்குப் பதில் மிட்டாய் கொடுத்தாலும் இதே 'தானே'தான். மளிகைக் கடையில் "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றாலும் இதே 'தானே'தான்.

வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிச் சம்பளம், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. சில்லறைக்கு மட்டும் கணக்கு இல்லை. கணக்கில் வராத பணம் கையில் தங்குவதும் இல்லை.

பத்து ரூபாயும் பத்து வட்டியும்

பிழைக்க வந்த ஊரில் குடும்பத்தின் முதுகை முறிப்பது திடீர்ச் செலவுதான்.

ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று இரவில் போன் வருகிறது. விடிவதற்குள் புறப்பட வேண்டும். பஸ் கட்டணம், ஆஸ்பத்திரியில் கையில் கொடுக்கக் கொஞ்சம் என்று குறைந்தது 3,000 ரூபாயாவது தேவை. மாதமோ கடைசி வாரம். கைமாற்று கேட்டால், அடுத்த வீட்டுக்காரர் நிலையும் அதேதான்.

கடைசியில் வட்டிக்கு வாங்குகிறார். நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் வட்டி. 3,000 ரூபாய்க்கு மாதம் 300 ரூபாய். அதாவது நாளொன்றுக்கு 10 ரூபாய். இவ்வளவு கட்டியும் அசலில் ஒரு காசு குறையாது.

நாளுக்கு 10 ரூபாய் எடுத்து வைக்க முடியவில்லை என்று சொன்னவர், அதே 10 ரூபாயை நாள் தவறாமல் வேறொருவருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பத்து மாதங்களுக்கு முன்பே அதைத் தமக்கென்று எடுத்து வைக்கத் தொடங்கியிருந்தால், அந்த 3,000 ரூபாய் அன்றிரவு வீட்டிலேயே இருந்திருக்கும்.

இரண்டணாவில் வளர்ந்த பேங்க்

சில்லறையைச் சேர்த்தே ஒரு பேங்க் வளர்ந்த கதை இதே கர்நாடகத்தில் நடந்தது.

1925-ல் உடுப்பியில் டாக்டர் டி.எம்.ஏ. பை, உபேந்திர அனந்த பை, வாமன் குட்வா ஆகிய மூவரும் சேர்ந்து 8,000 ரூபாய் முதலில் ஒரு சிறிய பேங்க் தொடங்கினார்கள். கைத்தறித் தொழில் நொடித்து, நெசவாளர்கள் தவித்த காலம் அது.

1928-ல் அந்த பேங்க் 'பிக்மி' என்ற சேமிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. நாளுக்கு இரண்டணா போதும். அதைக் கட்ட பேங்குக்குப் போகவும் வேண்டாம். வீட்டு வாசலுக்கே, கடை வாசலுக்கே ஏஜெண்டு வந்து வாங்கிக்கொண்டு போவார். பதினாறு அணா ஒரு ரூபாயாக இருந்த காலத்தில், நாளுக்கு இரண்டணா போட்டவருக்கு வருடத்தில் 45 ரூபாய் பத்தணா சேர்ந்தது.

அந்த பேங்க்தான் பின்னாளில் சிண்டிகேட் பேங்க் ஆனது. 1969-ல் தேசியமயமானது. 2020 ஏப்ரல் 1-ந் தேதி கனரா பேங்க்குடன் இணைந்தது.

அந்தத் திட்டத்தின் பலம், தினமும் வாசலில் வந்து நின்ற ஏஜெண்டுதான். மாதக் கடைசியில் மிஞ்சினால் போடலாம் என்று இருந்தால் எதுவும் மிஞ்சாது. அன்றன்றே பிரித்து எடுத்ததால்தான் இரண்டணாவும் பணமாயிற்று.

மஞ்சள் துணி முடிச்சு

ஏஜெண்டு வராத வீட்டில் என்ன செய்வது? அதற்கும் தமிழ்க் குடும்பங்களில் பழைய வழி ஒன்று உண்டு.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பழனிக்கோ திருப்பதிக்கோ நேர்ந்துகொண்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார்கள். பால்காரருக்குக் கொடுக்க ஒரு ரூபாய் குறைந்தாலும் அந்த முடிச்சில் யாரும் கை வைப்பதில்லை. அது இன்ன காரியத்துக்கு என்று சொல்லி வைத்த காசு.

வீட்டுச் சேமிப்புக்கும் அப்படி ஒரு பெயர் வேண்டும். வெறும் உண்டியல் என்றால் அவசரத்துக்குக் கை போகும். 'ஊர்ப் பயணம்', 'ஜூன் மாதப் பள்ளிச் செலவு' என்று ஒரு சீட்டில் எழுதி டப்பாவின் மேல் ஒட்டிவிட்டால், எடுக்கப் போகும் கை தயங்கும். அந்தச் சீட்டைப் பிள்ளைகள் கையால் எழுத வைத்தால் இன்னும் நல்லது.

விதி ஒன்றே ஒன்றுதான். வேலை முடிந்து வந்ததும் சட்டைப் பையில் இருக்கும் நாணயங்கள் முழுவதும் டப்பாவில் விழ வேண்டும். ஒரு நாள் 3 ரூபாய் விழும். ஒரு நாள் 17 ரூபாய் விழும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஆனால் இந்த டப்பாவில் அளக்காமல் போடலாம். அளப்பது மாதத்துக்கு ஒரு முறை போதும்.

உண்டியலில் செத்த காசு

ஆனால் உண்டியலிலேயே பணத்தை வருடக்கணக்கில் விட்டு வைப்பது தவறு.

25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்று அரசு அறிவித்தது. அதற்கு முன்பே பேங்கில் கொடுத்து மாற்றாதவர்களுக்கு, ஆசையாகச் சேர்த்த நாலணாக்கள் வெறும் உலோகத் துண்டுகளாயின. 50 பைசா மட்டும் சட்டப்படி இன்றும் செல்லும்.

2016 நவம்பர் 8-ந் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் பெண்கள் ஒளித்து வைத்திருந்த சிறுவாட்டுப் பணம் அன்று வெளியே வந்தது. வாழ்நாள் ரகசியத்தைக் கணவரிடம் சொல்லி, பேங்க் வாசலில் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

உண்டியல் ஒரு நிறுத்தம்தான். பணம் போய்ச் சேர வேண்டிய ஊர் வேறு.

தபால் ஆபீசில் மாதம் ஒரு நாள்

மாதம் ஒரு முறை டப்பாவைத் திறந்து எண்ணி, தபால் ஆபீஸ் ஆர்.டி. கணக்கில் கட்டிவிடலாம். இது ஐந்து வருடத் திட்டம். மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம். 2023 அக்டோபரில் இதற்கு வட்டி 6.7 சதவீதமாக நிர்ணயிக்கப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி விகிதம் பரிசீலிக்கப்படுவதால், சேரும் நாளில் கவுண்டரில் கேட்டுக்கொள்வது நல்லது.

அந்த 6.7 சதவீதக் கணக்கில், மாதம் 300 ரூபாய் வீதம் ஐந்து வருடத்தில் கட்டுவது 18,000 ரூபாய். கைக்கு வருவது சுமார் 21,400 ரூபாய். ஒரு வருடம் தவறாமல் கட்டிய பிறகு, கட்டிய தொகையில் பாதி வரை கடனாகவும் பெறலாம். வேலை மாறி வேறு ஊர் போனால் கணக்கையும் அந்த ஊர்த் தபால் ஆபீசுக்கு மாற்றிக்கொள்ளலாம். வாரிசுப் பெயரைப் பதிவு செய்ய மட்டும் மறக்கக் கூடாது.

தினசரி வசூலுக்கு வரும் ஏஜெண்டிடம் கட்டுகிறவர்கள், அன்றன்றே ரசீது வாங்க வேண்டும். பணம் எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். பேங்க் என்றால், கூட்டுறவு பேங்க் உட்பட, ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் இன்சூரன்ஸ் உண்டு. 2020 பிப்ரவரியில் உயர்த்தப்பட்ட வரம்பு இது. பேங்க் அல்லாத கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. போர்டில் உள்ள பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது.

நாணயத்தை யார் வாங்குவார்கள்?

சேர்த்த நாணயங்களை மாற்றுவது பற்றியும் கவலை வேண்டாம். தெரு முனை மளிகைக் கடைக்காரரும் டீக்கடைக்காரரும் சில்லறைக்கு அலைகிறவர்கள். எண்ணிக் கொடுத்தால் மகிழ்ச்சியோடு நோட்டு தருவார்கள். பேங்கில் நாணயமாகவே கட்டவும் உச்ச வரம்பு இல்லை. ஒரே மதிப்புள்ள நாணயங்களை நூறு நூறாகப் பையில் போட்டுக் கொண்டுபோனால் கவுண்டரில் வேலை சுலபம்.

10 ரூபாய் நாணயம் செல்லாது என்று சில கடைகளில் சொல்வது வெறும் வதந்தி. அதுவரை வெளிவந்த 14 வகை 10 ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் பேங்க் தெளிவாக அறிவித்துவிட்டது.

இப்போது டீக்குக்கூடப் போனில் பணம் கொடுக்கிறார்கள். சில்லறை கைக்கே வருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் காசு கையில் படாவிட்டால் செலவும் கண்ணில் படாது. அதற்கும் வழி உண்டு. 46 ரூபாய் கொடுத்தால் 50 ரூபாய் செலவானதாக வைத்துக்கொண்டு, மீதி 4 ரூபாயை இரவில் இன்னொரு சேமிப்புக் கணக்குக்கு அனுப்பிவிடலாம். குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத ஜன் தன் கணக்கு இதற்கு ஏற்றது.

இவ்வளவும் செய்தால் லட்சாதிபதி ஆகிவிட முடியாது. ஆனால் ஊரிலிருந்து நள்ளிரவில் போன் வரும்போது, யார் வீட்டுக் கதவையும் தட்டாமல் பஸ் ஏறலாம். அப்பாவின் கட்டிலருகே நிற்கும்போது, வட்டிக்காரரின் முகம் நினைவில் வந்து நிற்காது.

நாளை மாலை கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் '4' என்று எழுதினால், இறங்குவதற்கு இரண்டு நிறுத்தம் முன்பே கேட்டு வாங்கிவிட வேண்டும். அது ஊருக்குப் போகும் பஸ் கட்டணத்தில் முதல் நாலு ரூபாய்.