உஷார்! காணொளியில் சிரிக்கும் அம்மாவின் முதுகைப் பாருங்கள்

மட்டக்களப்பின் படுவான்கரையில் வயதான தாய் தகப்பனை வைத்துவிட்டுக் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் இதை எழுதுகிறேன். நாளைக்கு வாசிக்கலாம் என்று தள்ளிவைக்க வேண்டாம்.

கொக்கட்டிச்சோலையில் என் மாமி பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்தார். மகள் சுவிஸில். வீட்டுக்கு ஆள் அனுப்பும் சேவை ஒன்றைப் பிடித்து மாதாமாதம் காசு அனுப்பினாள். தினமும் பின்னேரம் காணொளி அழைப்பு. தலை வாரி, திருநீறு பூசி, வெளுத்த சட்டையோடு மாமி தெரிவார். மகளுக்கு நிம்மதி. ஒருநாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் நான் அங்கே போனேன். மாமி கண் திறக்கவில்லை. “ராவெல்லாம் அனுங்கினவ அண்ணே, இப்பதான் நித்திரை” என்றாள் பார்த்துக்கொள்ள வந்த பிள்ளை. புரட்டிப் பார்த்தால் நாரியின் கீழே உள்ளங்கை அகலத்தில் புண். மேசையில் நித்திரைக் குளிசை அட்டை, பாதி முடிந்திருந்தது. கிளினிக் கொப்பியில் அந்தக் குளிசை எழுதப்படவே இல்லை.

அந்தப் பிள்ளையை நான் ஏசவில்லை. இரவும் பகலும் அவள் ஒருத்திதான். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று எழும்பி, பகலிலும் சமைத்து, கழுவி, குளிப்பாட்ட ஒரு உடம்பால் முடியுமா? முடியாதபோதுதான் குளிசை வருகிறது. நோயாளி அனுங்காவிட்டால் அவளும் நித்திரை கொள்ளலாம். ஆகவே சேவைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மாதம் எவ்வளவு என்பதல்ல. சாமத்தில் அம்மாவைப் புரட்டுவது யார், அவர் எப்போது ஓய்வெடுப்பார் என்று கேளுங்கள். பதிலில் தடுமாறினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

“நாங்கள் பதிவு செய்த நிறுவனம்” என்பார்கள். பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவைத்தான் பலரும் காட்டுவார்கள். கடைக்கும் அதே பதிவுதான். அம்மாவை எப்படிப் பார்ப்பார்கள் என்று அது சொல்லாது. தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவுசெய்ய 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஊசி போடுவோம், குழாய் மாற்றுவோம் என்று சொல்லும் சேவையிடம் அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு உண்டா என்று கேளுங்கள். “தாதி வருவா” என்றால் அவரின் தாதியர் பதிவைப் பாருங்கள். வெள்ளைச் சட்டை போட்டவர் எல்லாம் மிஸ் இல்லை. பராமரிப்பாளர் என்றால் தேசிய தொழில் தகைமைச் (என்விகியூ) சான்றிதழைக் கேட்டு வாங்கி, மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிடம் விசாரியுங்கள். இஸ்ரேலுக்கு இந்த வேலைக்குப் போகிறவரிடம் பயிற்சிச் சான்று கேட்கிறார்கள். நம் வீட்டுக்கு வருகிறவரிடம் மட்டும் கேட்கக் கூச்சப்படுகிறோம். பொலிஸ் அறிக்கையும் கிராம சேவகரின் நற்சான்றும் வேண்டும். வருகிற ஆள் மாறினால், புதிய ஆளுக்கும் இதெல்லாம் மறுபடி வேண்டும். பேசும்போது ஒருவரைக் காட்டி, ஒரு மாதத்தில் வேறொருவரை இறக்குவது நடக்கிறது.

சீனி வருத்தம் உள்ளவர் என்றால் இன்னும் கவனம். சாப்பிடாமல் கிடந்தவருக்கு, “நேரமாச்சு” என்று வழமையான அளவு இன்சுலினைப் போட்டால் சீனி சட்டென இறங்கும். வியர்க்கும், பேச்சுக் குழறும், நினைவு தப்பும். அதை நித்திரை என்று நினைத்து விட்டால் உயிர் போய்விடும். சீனி 70க்குக் கீழே போனால் என்ன செய்வீர்கள் என்று வருகிறவரிடமே நேரில் கேளுங்கள். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே சீனித் தண்ணீர், நினைவு இல்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாமல் அம்புலன்ஸ். இந்த இரண்டும் அவர் வாயிலிருந்து வர வேண்டும். படுத்த நிலையில் கஞ்சி பருக்குகிறாரா என்றும் பாருங்கள். அது சுவாசப்பைக்குள் போனால் நிமோனியா.

நம் பக்கத்துக்கென்று தனி ஆபத்தும் உண்டு. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி கிட்ட வந்துவிட்டது என்று இருக்கிறோம். ஆனால் கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வந்தால் படுவான்கரையின் உள்வீதிகள் தண்ணீருக்குள் போய்விடும். வாவிக்கு அப்பால் எழுவான்கரையிலிருந்து வந்து போகும் பராமரிப்பாளர் அன்றைக்கு வரமாட்டார். அப்போது யார் வருவார்? இரண்டு கிழமைக்கு மருந்து கையில் இருக்கிறதா? 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கம் கதவில் ஒட்டியிருக்கிறதா? மழைக்கு முன்னமே இவற்றைச் சரிபார்த்து, மாற்று ஆள் யாரென்று சேவைக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

நகை, வங்கி அட்டை பற்றிச் சொல்லத் தேவையில்லை. காணி உறுதியை மட்டும் அந்த வீட்டில் வைக்காதீர்கள். நினைவு மங்கிய ஒருவரின் பெருவிரலைக் கடதாசியில் பதிப்பது ஒரு நொடி வேலை.

சேவை நல்லதா என்று அறிய எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: நேரம் சொல்லாமல் போவது. நீங்கள் தூரத்தில் இருந்தால், அம்மாவுக்குக் கூச்சமில்லாத பெண் உறவு ஒருவரைக் கிழமைக்கு ஒருமுறை அனுப்புங்கள். அவர் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வரக்கூடாது. குதிகால், இடுப்பு, முதுகின் அடி மூன்றையும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளிற வேண்டும். வெளிறாமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. புதிய கண்டல் காயம், காய்ந்த நாக்கு, பகல் முழுதும் மயக்கம், பராமரிப்பாளர் கிட்ட வந்தால் அம்மா ஒடுங்குவது, இதில் எது தெரிந்தாலும் அன்றே மகிழடித்தீவு வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். முறைப்பாட்டைப் பிறகு எழுதலாம். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரையும், அடித்தது, களவெடுத்தது என்றால் பொலிஸையும் நாடுங்கள்.

மாமியின் புண் ஆற மாதங்கள் போயின. இன்றிரவு வீட்டுக்கு அழைப்பெடுக்கும்போது “அம்மா சாப்பிட்டாவா” என்பதோடு வைக்காதீர்கள். நேற்றுச் சாமத்தில் எத்தனை தரம் புரட்டினார்கள் என்று கேளுங்கள். நாளைக் காலை ஒருவரை அனுப்புங்கள்.