செவலைக்கு எங்க கொல்லையில என்ன வேலை?

இயற்கை வேளாண்மை இதழில் நாயைப் பத்தி எதுக்கும்மா எழுதணும் என்று என் மகனே கேட்டான். மாட்டைப் பற்றி எழுதியாச்சு, ஆடு கோழி எழுதியாச்சு, மண்புழு வரைக்கும் வந்தாச்சு. ராத்திரி பகல் நம்ம கொல்லையிலேயே கிடக்கிற நாயைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கக் காணோம். ஆறு மாதமாக ஒரு குட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். விஷமில்லாக் கொல்லை என்று நாம் சொல்லிக்கொள்கிற இடத்திலும் ஒரு நாய்க்குட்டிக்கு எத்தனை ஆபத்து இருக்கிறது என்பதை இந்த ஆறு மாதத்தில்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இது.

பெரம்பலூர் மாவட்டம் எறையூர் எங்களுக்கு. சர்க்கரை ஆலை இருக்கிற ஊர் என்றால் பலருக்கும் தெரியும். இப்போது சிப்காட்டும் வந்து, காலணித் தொழிற்சாலை வந்து, சின்னப் பிள்ளைகள் காலையில் வேலைக்குப் போக வண்டிக்கு நிற்கிறார்கள். எங்களுக்கு மூணு ஏக்கர் கரிசல் கொல்லை, ஒரு கிணறு. மக்காச்சோளம், சின்ன வெங்காயம், வரப்போரம் தட்டைப்பயறும் ஆமணக்கும். பதினோரு வருசமாக யூரியா மூட்டை எங்கள் களத்துக்கு வந்ததில்லை. எனக்கு வயசு 67. மகன், மருமகள், கல்லூரியில் வரலாறு படிக்கிற பேத்தி, நாலாவது படிக்கிற பேரன். இதுதான் குடும்பம்.

புரட்டாசியில் ஆலை ரோட்டோரம் யாரோ மூணு குட்டிகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கடுவன் இரண்டையும் அன்று சாயங்காலத்துக்குள்ளேயே ஆள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பொட்டைக் குட்டி மட்டும் கிடந்தது. பேரன் அதைப் புத்தகப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டான். "பொட்டையா? வருசத்துக்கு ரெண்டு ஈத்து ஈனும், யாரு பாக்குறது? கொண்டுபோய் விட்டுட்டு வாடா" என்றான் மகன். பேரன் என்னைப் பார்த்தான். "அப்பாயி" என்று ஒரே வார்த்தைதான் சொன்னான். செக்கச்செவேல் என்று இருந்ததால் அன்றைக்கே செவலை என்று பெயரும் வைத்தாச்சு. அப்புறம் எங்கே கொண்டுபோய் விடுவது!

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் நாட்டில் பேர்போன நாய்கள் இருக்கின்றன. வாங்கி வளர்க்கிறவர்கள் வளர்க்கட்டும். கொல்லைக் காவலுக்கு ஊர் நாய் போதும் என்பது என் கட்சி. நம் வெயிலுக்கும் கூழுக்கும் பழகிய உடம்பு அது. இதைச் சொன்னபோது பேத்தி ஒரு சேதி சொன்னாள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறதாம். மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டு இறந்த வீரனுக்கு எடுத்தது. அவன் பக்கத்திலேயே அவன் நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும் வெட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற நாயாம். 1,400 வருசத்துக்கு முந்தி செத்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது பாருங்கள். போன தலைமுறையில் எங்கள் வீட்டில் வளர்ந்த நாய்களின் பெயரே எனக்கு முழுசாக ஞாபகம் இல்லை.

ஆனால் எங்கள் செவலை முதல் இரண்டு மாதம் காவல் காத்த லட்சணத்தைக் கேட்டால் கோவிவன் தலையில் அடித்துக்கொள்ளும். சொட்டுநீர்க் குழாயை மூணு இடத்தில் கடித்து வைத்தது. மண்புழுத் தொட்டியில் ஈரச் சாக்கை இழுத்துப்போட்டு அதற்குள் குளிர்ச்சியாகப் படுத்துக்கொள்ளும். காயப்போட்ட கடலையில் உருளும். செருப்பில் ஒற்றை இல்லாத நாளே கிடையாது. கோழிக்குஞ்சைத் துரத்தியதில் தாய்க்கோழி ஒருநாள் மூக்கிலேயே கொத்தியது. அதற்கப்புறம் கோழி பக்கம் போவதில்லை. நான் ஒரு மாசம் கம்பை வைத்துக்கொண்டு சொன்னதை அந்தக் கோழி ஒரே கொத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டது. முழங்கால் வலி என்று திண்ணையில் உட்கார்ந்தே நாளைக் கழித்த நான், இதன் பின்னாலேயே நாளைக்கு ஏழெட்டுத் தடவை கொல்லைக்கும் வீட்டுக்கும் நடக்கிறேன். மருமகள் சிரிக்கிறாள்: "அத்தை, உங்களுக்கு டாக்டர் சொன்ன நடைப்பயிற்சியை செவலை குடுத்துருச்சு."

சாப்பாட்டு விசயம் கொஞ்சம் சொல்கிறேன். மாட்டுப்பால் குட்டிக்குக் கழிச்சல் கொடுக்கும். கேழ்வரகுக் கூழை மோர் ஊற்றிக் கரைத்து வைப்பேன், சாதம், அவித்த முட்டை, கிடைத்தால் கருவாட்டுத் தலையை அலசி வேகவைத்தது. மூணு மாசம் வரைக்கும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தோம். ரத்தக் கழிச்சலுக்கு ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கி ஊசி உண்டு. குட்டிகள் அதிகம் சாவது அந்த நோயில்தான், அதை விட்டுவிடாதீர்கள். நாயின் கழிவைக் கீரைப் பாத்திக்குப் போடுகிற மக்குக் குழியில் சேர்க்கவே கூடாது. அதில் வருகிற பூச்சி முட்டை பிள்ளைகள் வயிற்றுக்குள் போகும். தனியாகக் குழி வெட்டி மூடுகிறோம்.

இப்போது எங்கள் மாவட்டத்துக்காரர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டியது. பெரம்பலூர் என்றாலே சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும்தானே. இரண்டுமே நாய்க்கு ஆகாது. வெங்காயத்தில் உள்ள சத்து நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். நாயின் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே ரத்தம் கெட ஆரம்பித்துவிடும். ஐந்து கிலோ குட்டிக்கு ஒரு கைப்பிடி போதும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது, பூண்டும் அதே ஜாதிதான். மிச்சமான வெங்காய சாம்பார் சாதத்தை நாய்க்கு வைப்பது நம் ஊர் வழக்கம். ஒருவாய் தின்று எதுவும் ஆகாமல் போகலாம், ஆனால் தினமும் அதையே வைத்தால் நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, ஏன் என்று தெரியாமலே போய்விடும். எங்கள் பட்டறைக்கு இப்போது கீழே இரண்டடிக்கு வலை கட்டியிருக்கிறோம்.

மக்காச்சோளம் தை மாசத்தில் பயம் காட்டியது. மிசின் வைத்துக் கதிர் அடித்து, முத்து ஒரு பக்கம் சக்கை ஒரு பக்கம் குவிந்து கிடந்தது. செவலை ஒரு சக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடியது, பேரன் பார்த்திருக்கிறான். மறுநாள் முழுக்க வாந்தி. தண்ணி குடித்தாலும் வெளியே வந்தது. வயிறு பலகை மாதிரி. சக்கை செரிக்காது, துண்டாகப் போய் குடலில் அடைத்துக்கொண்டால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார். எங்கள் நல்ல நேரம், சின்னத் துண்டுதான் போயிருந்தது. இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றியதில் மூணாம் நாள் காலையில் வெளியே வந்துவிட்டது. அந்த இரண்டு ராத்திரியும் திண்ணையில் அதுக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். நாய் வேண்டாம் என்ற என் மகன் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து வந்து "மூச்சு விடுதாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

மூணாவது, நம் ஆட்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிற ஆமணக்குப் புண்ணாக்கு. நல்ல அடியுரம்தான், நானும் போடுகிறேன். ஆனால் ஆமணக்கு விதையில் ரிசின் என்று ஒரு கொடிய நஞ்சு இருக்கிறது. ஆட்டும்போது அது எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். நன்றாகச் சூடுபடுத்தினால் அழியும், ஆனால் நாம் வாங்குகிற மூட்டை சூடுபட்டதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? கூட எலும்புத்தூளோ மீன் அமிலமோ சேர்த்துவிட்டால் நாய்க்கு அது விருந்து வாசனை. என் தங்கை வீட்டில் தென்னைக்குக் குழி எடுத்துப் போட்டதைத் தோண்டித் தின்று ஒரு நல்ல நாய் செத்தது. இயற்கை உரம் என்றால் எல்லாம் அமிர்தம் இல்லை. மூட்டையை உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள், போட்ட உரத்தை ஆழமாக மண் தள்ளி மூடுங்கள்.

பக்கத்துக் கொல்லை விசயம் வேற மாதிரி. 2018-ல் படைப்புழு வந்ததிலிருந்து மக்காச்சோளத்துக்கு மருந்தடிப்பது இங்கே பழக்கமாகிவிட்டது. பருத்திக்கு மருந்தடித்தவர்கள் 2017-ல் செத்துப்போன மாவட்டம் இது, இருந்தும் விடவில்லை. அதோடு காட்டுப்பன்றிக்கென்று வெல்லம் பிசைந்த சோற்றில் குருணை மருந்தைக் கலந்து வரப்பில் வைக்கிறார்கள். பன்றி தின்கிறதோ இல்லையோ, மயிலும் கீரியும் நாயும் தின்கின்றன. பக்கத்துக் கொல்லைத் தம்பியிடம் போய் நேராகவே கேட்டேன். அவன் கோபப்படவில்லை. "ஒரு ராத்திரில ரெண்டு செண்டு கதிரை ஒடிச்சுட்டுப் போயிருது பெரியம்மா, நான் என்ன பண்றது?" என்றான். அவன் சொல்வதும் நியாயம்தான், எங்கள் கதிரையும் பன்றி ஒடிக்கிறது. கடைசியில் வைக்கிற அன்னிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதாக ஒத்துக்கொண்டான். சொல்கிற நாளில் செவலையை வீட்டிலேயே கட்டிவிடுகிறோம். இந்த வெள்ளாமையில் நாலு தடவை சொன்னான். செவலை தொண்டையைத் திறந்து குரைக்கத் தொடங்கிய பிறகு மாசி மாசம் ஒரு தடவைகூட வைக்கவில்லை. வைக்கவே மாட்டான் என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி சொல்லப்போவது நம்மவர்களில் சிலருக்குக் கசக்கும். ஐப்பசியில் விளையாட்டாக செவலை பேரன் கையில் பல்லை வைத்துவிட்டது. ரத்தம் இல்லை, கோடு மாதிரி ஒரு கீறல். பார்க்க வந்த சொந்தக்காரர்களில் ஒருவர் மிளகாய் அரைத்துப் பூசு என்றார், ஒருவர் காசை வைத்துக் கட்டு என்றார். பச்சிலைக்கு ஒரு ஊர் பெயரும் சொன்னார்கள். நான் சளிக்கு ஆடாதோடை, வயிற்றுக்கு ஓமம் என்று வாழ்கிறவள்தான். ஆனால் நாய்க்கடிக்கு அது ஆகாது. வெறிநோயின் குறி ஒரு தடவை உடம்பில் தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் பிழைப்பது கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிருமி நரம்பு வழியாக மெதுவாக மூளைக்கு ஏறுகிறது. அது ஏறுவதற்குள் ஊசி முந்திக்கொள்ள வேண்டும். குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிசம் கழுவினோம், கட்டுப் போடவில்லை, நேராக ஆரம்ப சுகாதார நிலையம். அன்றைக்கு ஒன்று, 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று நாலு தடவை போட்டார்கள். அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. ரத்தம் வந்த கடியாக இருந்தால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து போடுவார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று சொல்லிச் சொல்லியே என் வயசுக்காரர்கள் பயந்து கிடந்தோம். அந்தக் காலம் போய்விட்டது. பாஸ்டர் என்ற பிரெஞ்சுக்காரர் 1885-ல் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இந்தத் தடுப்பு மருந்தைப் போட்டார். அவர் பெயரில் நம் குன்னூரில் 1907-லேயே நிலையம் வந்துவிட்டது. நூறு வருசத்துக்கு மேல் கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இருந்தும் கீறல்தானே என்று விட்டுச் செத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். செவலைக்கு மூணு மாசம் முடிந்ததும் கார்த்திகையில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டோம். அடுத்தடுத்து வருசா வருசம் போட வேண்டும். அட்டையைப் பஞ்சகவ்யக் கணக்கு எழுதுகிற நோட்டிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.

இப்போது அதற்குச் சுமார் ஏழரை மாசம். கடலை விதைத்த அன்று மயில் கூட்டம் இறங்கியபோது முதல் தடவையாக வேலை பார்த்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, வரப்பிலேயே ஓடி ஓடி விரட்டியது. பட்டறையடியில் எலி பிடிக்கிறது. குழாய் கடிப்பது முழுசாக விட்டபாடில்லை, போன வாரம்கூட ஒரு இடத்தில் இணைப்பு போட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் மகன் வண்டிச் சத்தம் கேட்டால் மட்டும் குரைக்காமல் வாலை ஆட்டிக்கொண்டு ஓடுகிறது.

குட்டி போடாமல் இருக்கக் கருத்தடை செய்துவிடலாம் என்று மருத்துவர் சித்திரையில் வரச் சொல்லியிருக்கிறார். பொட்டைக் குட்டிகளை ரோட்டில் போடாமல் இருக்க இதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. தையல் ஆறுகிற வரைக்கும் பத்து நாள் கட்டி வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம், அது என் பொறுப்பு. வண்டியில் கூட்டிக்கொண்டு போவது தான்தான் என்று மகன் சொல்லியிருக்கிறான்.