சென்னை அணி மீண்டும் எழுமா? 2026-க்குப் பத்துபஸ்தி போட்ட கணக்கு

அந்தமானில் கடிகாரம் டில்லிக் கணக்குப்படி ஓடுகிறது. சூரியன் தன் கணக்குப்படி மறைகிறது. மார்ச் மாதத்தில் மாலை ஐந்தரை மணி சுமாருக்கே இருட்டத் தொடங்கிவிடும். சேப்பாக்கத்தில் இரவு ஏழரை மணிக்கு முதல் பந்து வீசப்படும்போது பத்துபஸ்தியில் பாதிக் கடைகளுக்குக் கதவு சாத்தியாகிவிடும். தொலைக்காட்சிப் பெட்டி உள்ள கடையில் மட்டும் கூட்டம். ஆட்டம் முடிந்து பதினொன்றரைக்குப் படுத்தால், காலை ஐந்து மணிக்கு வெளிச்சம் வந்து எழுப்பிவிடும். ஆண்டுதோறும் இரண்டு மாதம் இந்தத் தூக்கக் கேட்டை மனமுவந்து ஏற்பவர்கள் இங்குள்ள தமிழர்கள். காரணம், சென்னை சூப்பர் கிங்ஸ்.

சென்னைக்கும் இத்தீவுக்கும் நடுவே 1,300 கிலோமீட்டருக்கு மேல் கடல் கிடக்கிறது. கப்பலில் மூன்று நாள் பயணம். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் நகரத்தின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிய பிறகும், கப்பல் ஏறுகிறவர்கள் "மெயின்லேண்ட் போகிறேன்" என்று சொல்வது மாறவில்லை. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் சேப்பாக்கம் மைதானத்துக்குள் கால் வைத்தவர்கள் சிலரே இருப்பார்கள். ஆனால் ஆட்டக்காரர்களின் ஏல விலையை லட்சம் பிசகாமல் ஒப்பிப்பார்கள்.

2026 போட்டிகள் தொடங்குவதற்கு முன் இவர்கள் போட்ட கணக்கு, முந்தைய ஆண்டுகளின் கணக்கைப் போல் இல்லை. 2025-ல் சென்னை பத்து அணிகளில் பத்தாவதாக வந்தது. பதினான்கு ஆட்டங்களில் நான்கில்தான் வெற்றி. ஐந்து முறை கோப்பை வென்ற அணி கடைசி இடத்துக்கு இறங்கியது அதுவே முதல் தடவை. அதைவிட மனத்தை உறுத்தியது சேப்பாக்கத்திலேயே வாங்கிய அடி. பெங்களூர் அணி 2008-க்குப் பிறகு அங்கு முதன்முறையாக வென்றது. டில்லி 2010-க்குப் பிறகு வென்றது. கல்கத்தா அணிக்கு எதிரே இருபது ஓவரில் 103 ரன்தான் எடுக்க முடிந்தது. அதை அவர்கள் பதினோராவது ஓவரிலேயே எடுத்து முடித்தார்கள். பத்துபஸ்தியில் வங்காளிகளும் தமிழர்களும் அடுத்தடுத்த வீடு. அந்த இரவுக்குப் பிறகு சில நாள் பால் வாங்கப் போவதற்கே வெட்கமாக இருந்தது என்று ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் சொல்கிறார்.

போனவர்கள், வந்தவர்கள்

பட்டியலைப் பிரித்தால் முதலில் வருவது சண்டைதான். 2025 நவம்பரில் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்ஸனைச் சென்னை எடுத்துக்கொண்டது. ஜடேஜா 2012-ல் சென்னைக்கு வந்தவர். 2023 இறுதியாட்டத்தில், ஆமதாபாத்தில், மழைக்குப் பின் இரவு ஒன்றரை மணி சுமாருக்குக் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் தேவைப்பட்டபோது ஒரு சிக்சரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையைக் கையில் கொடுத்தவர். அன்று பத்துபஸ்தியில் விடிவதற்கு மூன்றரை மணி நேரம்தான் பாக்கி. பலர் படுக்கவே இல்லை.

"பதினாலு வருஷம் வீட்டுல இருந்த பிள்ளைய இப்படியா அனுப்புறது?" என்று பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற பெரியவர் கேட்கிறார். தேநீர்க் கடைக்காரருக்கு வேறு கருத்து. "ஐயா, பிள்ளைக்கு முப்பத்தேழு வயசு ஆயிடுச்சு. சாம்ஸனுக்கு முப்பத்தொண்ணு. கடை நடத்துறவனுக்குத்தான் கணக்குத் தெரியும்" என்கிறார் அவர். இந்த மாற்றத்தால் பக்கத்து மலையாளிக் குடும்பங்கள் மஞ்சளுக்கு வந்துவிடுவார்கள் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து ஒற்றுமை. சாம்ஸன் திருவனந்தபுரத்துக்காரர் அல்லவா!

பதிரானா போனது இதைவிடப் பெரிய நஷ்டம் என்றே சொல்ல வேண்டும். கடைசி ஓவர்களில் காலடியில் பந்தை இறக்கும் அந்த இலங்கை இளைஞரைச் சென்னை விடுவித்தது. டிசம்பர் ஏலத்தில் கல்கத்தா 18 கோடி கொடுத்து வாங்கிக்கொண்டது. அவர் இடத்தை நிரப்ப நேதன் எல்லிஸ், மாட் ஹென்றி, ஜேமி ஓவர்ட்டன் என்று வெளிநாட்டுப் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் பதினொருவரில் நான்கு வெளிநாட்டார்தான் ஆடலாம். பிரெவிஸுக்கு ஒரு இடம், நூர் அகமதுக்கு ஒரு இடம் என்று வைத்தால் மிச்சம் இரண்டு. எல்லோரையும் ஆட்ட வைப்பது போல் பேசுகிறவர்கள் இந்தக் கழித்தல் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

பந்து வீச்சில் கவலை இல்லாத இடம் நூர் அகமது. அணியே சரிந்த 2025-லும் இந்த ஆப்கானிஸ்தான் இளைஞர் 24 விக்கெட் எடுத்தார். கலீல் அகமது புதுப் பந்துக்கு உண்டு. அன்ஷுல் காம்போஜ் 2024 நவம்பரில் ரஞ்சிப் போட்டியில் கேரளத்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் சாய்த்தவர். பதினாறாவது ஓவருக்கு மேல் யார் என்பதுதான் விடை கிடைக்காத கேள்வி.

வயதுக் கணக்கு

2025 டிசம்பர் 16-ல் அபுதாபியில் நடந்த ஏலத்தை இங்கே பலர் கைப்பேசியில் பார்த்தார்கள். சென்னையிலிருந்து கடலுக்கடியில் போட்ட கம்பி 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பின் வந்த வசதி இது. அதற்கு முன் செயற்கைக்கோள் வழி கிடைத்த இணையத்தில் ஒரு படம் இறங்கவே பொறுமை வேண்டும். (அந்த 2020-ல்தான் சென்னை முதன்முதலாக அரையிறுதிக் கட்டத்துக்குப் போகாமல் ஏழாவதாக வந்தது. தெளிவாகத் தெரிந்ததே அந்த ஆண்டின் துயரம் என்பார்கள்.) ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரு இளைஞர்களுக்குச் சென்னை தலைக்கு 14 கோடியே 20 லட்சம் கொடுத்தது. இந்தியாவுக்கு ஆடாத ஆட்டக்காரருக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. வீர் உத்தரப்பிரதேசத்துக்காரர், இருபது வயது, இடது கைச் சுழல், இடது கை மட்டை. ஜடேஜாவின் இடத்துக்கு எடுத்திருக்கிறார்கள் என்பது யாரும் சொல்லாமலே விளங்குகிறது. சர்மா ராஜஸ்தான், பத்தொன்பது வயது, சிக்சர் அடிக்கும் விக்கெட் கீப்பர்.

"அண்ணே, சாம்ஸன் கீப்பர், தோனி கீப்பர், உர்வில் பட்டேல் கீப்பர், இந்தப் பையனும் கீப்பர். மிச்ச இடத்துல நிக்க ஆள் வேணாமா?" என்று கல்லூரி மாணவர் ஒருவர் கேட்க, கடை முழுவதும் சிரித்தது. கேள்வி நியாயமானதே.

வயதானவர்களை வைத்து வென்ற அணி என்ற பெயர் சென்னைக்கு உண்டு. இரண்டு ஆண்டுத் தடைக்குப் பின் 2018-ல் திரும்பி வந்தபோது வாட்சனுக்கு 36, தோனிக்கு 36, ஹர்பஜனுக்கு 37, தாஹிருக்கு 38. ஏலம் முடிந்ததும் "முதியோர் இல்லம்" என்று நாடே சிரித்தது. பத்துபஸ்தியிலும் அன்று பலர் தலையில் கை வைத்தார்கள். காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டம்தான் நடந்தது. மற்ற சொந்த ஊர் ஆட்டங்கள் பூனாவுக்குப் போயின. இருந்தும் ராயுடு அந்த ஆண்டு 602 ரன் குவித்தார். மே 27-ல் பம்பாயில் நடந்த இறுதியாட்டத்தில் வாட்சன் முதல் பத்துப் பந்தில் ஒரு ரன்கூட எடுக்காமல் நின்றார். பிறகு 57 பந்தில் 117 அடித்து ஆட்டமிழக்காமல் வந்தார். ஏல நாளில் சிரித்தவர்கள் பட்டாசு வாங்க ஓடினார்கள்.

அந்த நினைவுதான் பெரியவர்களை 2025 வரை ஏமாற்றியது. அனுபவம் இருந்தால் போதும், கடைசியில் தோனி பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டார்கள். ஆனால் 2025-ல் ஆறுதல் தந்த பெயர்களைப் பாருங்கள். ருதுராஜ் கெய்க்வாட் முழங்கையில் அடிபட்டு விலகியதும் வந்த ஆயுஷ் மாத்ரே பதினேழு வயதுப் பிள்ளை. பெங்களூரில் 48 பந்தில் 94. வேறொருவர் காயத்தால் வந்த பிரெவிஸ் ஆறே ஆட்டத்தில் 225 ரன். உர்வில் பட்டேலும் இடையில் வந்தவர். 2024-ல் குஜராத்துக்காக 28 பந்தில் நூறு அடித்தவர். கதவு வழியாக வந்த பெரிய பெயர்கள் தடுமாற, ஜன்னல் வழியாக வந்தவர்கள் ஆடினார்கள். அந்த அணி தன் கடைசி ஆட்டத்தில் குஜராத்தை 83 ரன்னில் தோற்கடித்தது. 2026 பட்டியல் அந்தக் கடைசி ஆட்டத்திலிருந்து பிறந்தது என்று சொன்னால் தவறில்லை.

ஆகவே மாத்ரேயும் சாம்ஸனும் தொடக்கம், மூன்றாவது தலைவர் ருதுராஜ், பிறகு துபே, பிரெவிஸ் என்பது பத்துபஸ்தி எழுதிய வரிசை. 44 வயதுத் தோனியை எங்கே எழுதுவது என்பதில் மட்டும் பேனா நின்றுவிடுகிறது. "அவர் பேரை எழுதாம கீழ விட்டுடு, அவரா வருவார்" என்று பெரியவர் தீர்ப்புச் சொன்னார்.

தமிழன் எங்கே?

கடைசியாக வந்த கேள்விதான் நெடுநேரம் நின்றது. இந்தச் சென்னை அணியில் தமிழன் யார்?

ஒரு காலத்தில் விடை சுலபம். 2011 இறுதியாட்டத்தில், சேப்பாக்கத்தில், முரளி விஜய் 95 ரன் அடித்தார். அஸ்வின் முதல் ஓவரிலேயே கெயிலைப் பூஜ்யத்தில் அனுப்பினார். பத்ரிநாத்தும் அணியில் இருந்தார். அஸ்வின் 2025-ல் திரும்பி வந்து ஆகஸ்டில் ஓய்வு அறிவித்துவிட்டார். விஜய் சங்கரையும் இளைஞர் ஆந்த்ரே சித்தார்த்தையும் அணி விடுவித்தது. மறுபுறம் 2025-ல் எல்லோரையும் மிஞ்சி 759 ரன் எடுத்த சாய் சுதர்சன் குஜராத் ஆள். 2023 இறுதியாட்டத்தில் சென்னைக்கு எதிராக 96 அடித்தவரும் அவரே. வருண் சக்கரவர்த்தி கல்கத்தாவில். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் டில்லியில்.

நவம்பரில் தக்கவைத்த பட்டியலில் தமிழ்நாட்டு அணிக்கு ஆடுபவர் என்று சொல்ல ஒருவர்தான்: குர்ஜப்னீத் சிங். வடக்கே பிறந்து, சென்னைக்கு வந்து ஆடிப் பழகி, 2024-ல் தமிழ்நாட்டுக்காக முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே சௌராஷ்டிரத்தின் ஆறு விக்கெட்டைச் சாய்த்த உயரமான இடது கைப் பந்து வீச்சாளர்.

இதைச் சொல்லிக் கோபப்படுகிறவர்கள் பத்துபஸ்தியிலும் உண்டு. ஆனால் ஆட்டோ ஓட்டுநர் இடைமறித்தார். "எங்க தாத்தா ராமநாதபுரத்துல இருந்து கப்பல்ல வந்தாரு. நாங்க மூணு தலைமுறையா இங்க இருக்கோம். வீட்டுல தமிழ், ரோட்டுல இந்தி. எங்களை இந்த ஊர்க்காரன் இல்லைன்னு சொன்னா ஒத்துக்குவோமா? அவனும் மெட்ராஸுக்குப் பொழைக்க வந்தவன்தானே!" கடையில் அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. தேநீர் மட்டும் வந்தது.

அந்தக் கடைக்கு எதிரே சந்தில் பள்ளிப் பிள்ளைகள் ரப்பர் பந்தில் ஆடுகிறார்கள். அவர்களில் ஒருவன், பதினாறு வயது, இடது கையால் வேகமாக வீசுகிறான். குர்ஜப்னீத் போலவே ஓடி வருவதாகச் சக பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். பத்துபஸ்தி போட்ட கணக்கில் சேராத ஒரு கணக்கு இவனுடையது. ரஞ்சிக் கோப்பையில் அந்தமானுக்கு அணி கிடையாது. யூனியன் பிரதேசமான புதுச்சேரிக்கு 2018-ல் இடம் கிடைத்தது. சண்டிகருக்கு 2019-ல் கிடைத்தது. இத்தீவுகளுக்கு இன்னும் வரவில்லை. இங்கே திறமைக்குக் குறைவில்லை. நிக்கோபாரிலிருந்து புறப்பட்ட ஈசோ ஆல்பன் 2018-ல் உலக ஜூனியர் சைக்கிள் பந்தயத்தில் இந்தியாவுக்கு வெள்ளி வாங்கித் தந்தார். அடுத்த ஆண்டு தங்கம் வென்ற குழுவிலும் இருந்தார். சைக்கிளுக்கு வழி இருக்கிறது. கிரிக்கெட்டுக்குக் கப்பல்தான் வழி.

பையன் சென்னையில் கல்லூரியில் சேர்ந்து, அங்கே லீக் ஆட்டத்தில் ஏதாவது ஒரு சங்கத்துக்கு ஆட வேண்டும் என்கிறான். தேர்வாளர் கண்ணில் பட்டால் தமிழ்நாடு பிரிமியர் லீக். நடராஜன் போன வழி. மெயின்லேண்டில் விடுதிச் செலவு, சாப்பாடு, காலணி, மட்டை, ஆண்டுக்கு ஒரு முறை கப்பல் டிக்கெட் எல்லாவற்றையும் தந்தை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். ஆட்டக்காரர் பட்டியலைப் போலவே அந்தத் தாளிலும் அடித்தல் திருத்தல் அதிகம்.

"பன்னிரண்டாம் வகுப்பு முடியட்டும், பார்க்கலாம்" என்கிறார் அவர். பையனோ, ஏப்ரலில் மாமாவோடு மெயின்லேண்ட் போனால் சேப்பாக்கத்தில் ஒரு ஆட்டமாவது பார்க்க முடியுமா, டிக்கெட்டை எப்படி வாங்குவது என்று கடையில் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.