ஒளிய வாங்கிய கருவியே காட்டிக்கொடுத்தது

போன வாரம் என் சித்தி மகன் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினான். விரல் நீளத்தில் கறுப்பாக ஒரு கருவி. கூடவே ஒரு குரல் பதிவு: “அக்கா, இதை வண்டியில சிகரெட் லைட்டர் ஓட்டையில சொருகினா போதுமாம். கம்பெனி ஜி.பி.எஸ். வேலை செய்யாதாம். நான் எங்க நிக்கிறேன்னு போஸுக்குத் தெரியாது. வாங்கட்டுமா?”

அவன் பொருள் விநியோகிக்கும் வேன் ஓட்டுகிறான். தேநீர் குடிக்கப் பத்து நிமிடம் நிறுத்தினாலும் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்துவிடுமாம். அவனுடைய எரிச்சல் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அந்தக் கருவிக்கு ‘ஜாமர்’ என்று பெயர் என்பதையும், அமெரிக்காவில் அதை வாங்கிய ஓர் ஓட்டுநருக்கு என்ன ஆனது என்பதையும் அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

நியூ ஜெர்சியில் உள்ள நியூவர்க் விமான நிலையத்தை ஒட்டியே பெரிய நெடுஞ்சாலை ஒன்று போகிறது. அந்த நிலையத்தில், தரையிறங்கும் விமானங்களுக்கு ஜி.பி.எஸ். உதவியோடு துல்லியமாக வழிகாட்டும் புதிய அமைப்பு ஒன்றைப் பரிசோதித்து வந்தார்கள். 2009இல் அதன் சமிக்ஞை அவ்வப்போது சிறிது நேரம் அறுந்துபோனது. பிறகு தானாகவே சரியானது. நீண்ட தேடலுக்குப் பிறகுதான் காரணம் தெரிந்தது. பக்கத்துச் சாலையில் போன ஒரு வாகனத்தில் ஜாமர் இருந்தது.

இவ்வளவு சிறிய கருவியால் அது எப்படி முடிகிறது? வானொலியில் வேலை செய்கிறவள் என்பதால் எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் அலை நம் கைப்பேசியை எட்டும்போது, ஒரு வாட்டை நூறு கோடி கோடியாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்கின் அளவுக்குத்தான் இருக்கும். கோயில் திருவிழாக் கூட்டத்தில் தூரத்திலிருந்து யாரோ ரகசியம் பேசுவது போல. ஜாமர் அதே 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பக்கத்தில் நின்று ஒலிபெருக்கியில் கத்துகிறது. அது முதலாளியின் ஜி.பி.எஸ். எது, விமானத்தினுடையது எது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. சுற்றியுள்ள எல்லாவற்றின் காதையும் அடைத்துவிடுகிறது.

அதைக் கண்டுபிடிப்பவர்கள் முதலில் கவனிப்பது இதைத்தான். பாலமோ கட்டடமோ மறைத்தால் சில செயற்கைக்கோள்கள் மட்டும் மங்கும். ஜாமர் வந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் மங்கும், இரைச்சலும் கூடும். அடுத்தது திசை. குறிப்பிட்ட திசையில் மட்டும் கூர்மையாகக் கேட்கும் ஆன்டெனாவைச் சுழற்றி, இரைச்சல் எங்கே அதிகம் என்று பார்க்கிறார்கள். இரண்டு இடங்களிலிருந்து அப்படிக் கோடு போட்டால், கோடுகள் வெட்டும் இடத்தில் ஜாமர் இருக்கும். பல இடங்களில் கருவிகளை நிறுவி, ஒவ்வொன்றையும் அலை எட்டிய நேர வித்தியாசத்தை அளப்பது இன்னொரு வழி. ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசம் என்றால், தூரத்தில் 300 மீட்டர் வித்தியாசம்.

ஓடும் வண்டியில் இருந்தால்தான் தலைவலி. கோடு போட்டு முடிப்பதற்குள் வண்டி போய்விடும். ஆனால் வேலைக்குப் போகிறவர் அதே பாதையில் மறுபடியும் வருவார் இல்லையா?

2012 ஆகஸ்ட் 4ஆம் தேதி, அதே நியூவர்க்கில் மறுபடியும் இடைஞ்சல். விமானப் போக்குவரத்துத் துறையின் புகாரின்பேரில் தொலைத்தொடர்பு ஆணைய அதிகாரி திசைகாட்டும் கருவியோடு வந்தார். இரைச்சல் ஒரு சிவப்பு நிற போர்டு எஃப்-150 பிக்கப் வண்டியிலிருந்து வந்தது. முதலாளி பொருத்திய ஜி.பி.எஸ். தன்னைப் பின்தொடரக் கூடாது என்றுதான் ஜாமர் வைத்திருந்ததாக ஓட்டுநர் ஒப்புக்கொண்டு, கருவியை ஒப்படைத்தார். அடுத்த ஆண்டு ஆணையம் அவருக்கு அறிவித்த அபராதம் 31,875 டாலர்.

யாருக்கும் தெரியாமல் இருக்க நினைத்தவர், அந்த வட்டாரத்திலேயே அதிகச் சத்தம் போடும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். ஜாமரின் குணமே அதுதான். மறைப்பதற்காக அது கத்த வேண்டும். கத்தினால் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நமக்கும் இது தூரத்துக் கதை அல்ல. ஜி.பி.எஸ். வழி மட்டும் காட்டுவதில்லை. துல்லியமான நேரத்தையும் தருகிறது. கைப்பேசிக் கோபுரங்கள் பலவும் அந்த நேரத்தை நம்பித்தான் ஒன்றோடொன்று இசைந்து இயங்குகின்றன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தனியார் இந்தக் கருவியைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்பதால் அது அனுமதிக்கப்பட்ட பொருளாகிவிடாது.

அதற்காக என் தம்பியின் குறையைத் தள்ளிவிட முடியாது. வேலை நேரத்தில் வண்டி எங்கே இருக்கிறது என்று முதலாளி தெரிந்துகொள்வது நியாயம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கணக்குக் கேட்டால் மனிதன் மூச்சுவிட முடியாது. இதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். ஓய்வு எத்தனை நிமிடம், வேலை முடிந்த பிறகும் கண்காணிப்பு உண்டா, அந்தப் பதிவுகளை யார் பார்ப்பார்கள் என்று எழுத்தில் கேட்பதில் தவறே இல்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரிக்கா, திங்கக்கிழமை போஸ்கிட்ட நேராவே கேக்கிறேன். லெட்டர் எழுத மட்டும் உதவி பண்ணுங்க” என்றான்.

எழுதிக் கொடுத்திருக்கிறேன்.