காற்றுச் சுமந்து வரும் வெப்பம்

கண்டி மாநகர்க்குக் கிழக்கே மகாவலி கங்கையின் பள்ளத்தாக்கில் அமைந்தது தெல்தெனிய. அதன் பழைய நகரம் இன்று நீர்த்தேக்கத்துள் அடங்கிவிட்டது. 122 மீற்றர் உயரமுடைய விக்டோரியா அணை கங்கையை மறித்தெழுந்து, 1985ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. கடைத்தெருவும் வயல்களும் நீருள் மறைய, மேட்டுநிலத்திலே புதிய நகரம் எழுந்தது.

அந்நீர்க்கரையில் நிற்பவர் இருவேறு பரப்புக்களை ஒருங்கே காண்பர். ஒருபுறம் விரிந்து கிடக்கும் நீர். மறுபுறம் நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடர்ந்த காடு. இரண்டின்மேலும் வீசும் காற்று ஒன்றே. ஆயினும், நீரினிடத்து அது நடந்துகொள்ளும் முறை வேறு. மரங்களினிடத்து நடந்துகொள்ளும் முறை வேறு. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிந்தவர்க்கு, இமயமலையின் பனிக்கட்டியாறுகள் உருகும் விதமும் எளிதில் விளங்கும்.

சுடுகஞ்சியை ஊதி ஆற்றுவதை யாவரும் அறிவர். கஞ்சியை ஒட்டி நிற்கும் சூடான காற்றை ஊதி அகற்றினால், அவ்விடத்திற் குளிர்ந்த காற்று வந்து சேரும். கஞ்சி விரைவில் ஆறும். பனிக்கட்டியின்மேல் நிகழ்வது இதற்கு மறுதலையானது. உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலை பூச்சியப் பாகை சதமம். அதனை ஒட்டிய காற்றுக் குளிர்ந்து கனத்து, அங்கேயே ஒரு போர்வைபோற் படிந்துவிடும். மேலேயுள்ள இளஞ்சூடான காற்றுத் தானாகக் கீழிறங்காது. அதனைக் கீழே கொணர்வன காற்றின் சுழிகளே.

சுழிகள் எவ்வாறு பிறக்கின்றன? 1904ஆம் ஆண்டில் யேர்மனிய அறிஞர் லூட்விக் பிராண்டில், பரப்பை ஒட்டி ஓடும் பாய்பொருள் தடைப்பட்டுத் தளரும் மெல்லிய எல்லைப்படையை விளக்கினார். பரப்பிலே மேடும் பள்ளமும் மிகுந்தால், அவற்றில் மோதும் காற்றுக் கொந்தளித்துச் சுழிக்கும். இக்கரடுமுரட்டை அறிஞர் ஒரு நீளத்தால் அளவிடுவர். அது மேடுகளின் முழு உயரம் அன்று. பெரும்பாலும் அவ்வுயரத்தின் பத்திலொரு பங்களவானது. அமைதியான நீருக்கு அது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. உயர்ந்த காட்டுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர்.

பனிக்கட்டியாற்றின் பரப்போ பருவத்துக்குப் பருவம் மாறுவது. புதுப்பனி மூடியிருக்கும்போது அது வழவழப்பானது. கோடை முதிர முதிரப் பனிக்கட்டி மேடுகளும், உருகுநீர் அறுத்த ஓடைகளும், பாறைக் கற்களும் வெளிப்படும். கரட்டளவு ஒரு மில்லிமீற்றரிலிருந்து ஒரு சதமமீற்றராக உயர்ந்தது எனக் கொள்க. இரண்டு மீற்றர் உயரத்திற் காற்றின் வேகமும் வெப்பநிலையும் மாறாதிருப்பினும், பனிக்கட்டியை அடையும் காற்றுவெப்பம் ஏறத்தாழ இருமடங்காகும். வெப்பமானியை மட்டும் நோக்கி, பரப்பை நோக்காது கணக்கிடுபவர் பிழைபடுவது இதனாலேயே.

இமாசலப் பிரதேசத்துச் சோட்டா சிக்ரி பனிக்கட்டியாற்றில் 2013ஆம் ஆண்டுக் கோடையில் இவ்வளவீடுகள் செய்யப்பட்டன. உருக்கும் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கைக் கதிர்வீச்சே தந்தது. எஞ்சியதிற் பெரும்பகுதி காற்றின் கொடை. ஈரக்காற்றின் ஆற்றல் தனியானது. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரி போதும்; ஒரு கிராம் நீராவி நீராகப் படியும்போது ஏறத்தாழ 600 கலோரி வெளிப்படும். எனவே, அவ்வாறு படியும் ஒரு கிராம் ஆவி, ஏழு கிராம் பனிக்கட்டியை உருக்கவல்லது.

இலங்கையிற் பனிக்கட்டியாறு இல்லை. ஆயினும் இவ்விதி இங்கும் செல்லும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைப் பொழிந்துவிட்டு, கிழக்கே இறங்கும்போது சூடேறி வறண்டுவிடுகின்றது. மட்டக்களப்பு மக்கள் கச்சான் என்றழைக்கும் காற்று இத்தகையது. வறண்ட காற்று வீசுமிடத்து, சுழிகள் நீர்த்தேக்கத்தின் ஆவியை ஓயாது மேலே கொண்டுசெல்லும். மலையுச்சிக் காடோ இதற்கு மாறாக நீரை ஈட்டித் தருவது. அதன் கரடான முடியினூடு முகில் தவழ்கையில், இலையும் பாசியும் நுண்துளிகளைப் பற்றி நிலத்திற் சொட்டவிடுகின்றன. அக்காட்டை வெட்டி மொட்டையாக்கினால், மழைமானி காட்டாத அவ்வருவாய் அற்றுப்போகும்.

வரட்சி நீளும் ஆண்டுகளில் விக்டோரியா நீர்த்தேக்கம் தாழ, பழைய தெல்தெனியாவின் எச்சங்கள் வெளித்தோன்றுவதுண்டு. அக்காலத்தில் ஒவ்வொரு துளியும் கீழ்நாட்டு வயலுக்கு வேண்டியதாகின்றது. இமயத்து உருகுநீரை நம்பி உழுபவர் நிலையும் அதுவே. வானிலிருந்து எவ்வளவு நீர் வந்தது என்று அளந்தால் மட்டும் போதாது. காற்று எவ்வளவைக் கொடுத்தது, எவ்வளவை எடுத்துச் சென்றது என்பதையும் அளத்தல் வேண்டும். அக்கணக்கின் திறவுகோல், காற்றுத் தடவிச் செல்லும் நிலத்தின் மேனியிலே உள்ளது.