வீட்டுக்கு வழி தெரியும் பாஸ்!

காரைக்காலின் வடக்கு எல்லையில் இருக்கிற பூவத்தில் நின்று, சென்னை போகிற பஸ்ஸுக்குக் கை காட்டியிருக்கீங்களா? நிற்கிற இடம் புதுச்சேரி யூனியன் பிரதேசம். நாலு எட்டு வைத்தால் தமிழ்நாடு, தரங்கம்பாடிப் பக்கம். ஏறி உட்கார்ந்தால் சீர்காழி, சிதம்பரம், கடலூர், மறுபடி புதுச்சேரி, திண்டிவனம் என்று ஊர் ஊராக நின்று, மோட்டலில் ஆறிப்போன காபி குடித்து, தாம்பரத்தில் டிராஃபிக்கில் மாட்டி... பொழுதே போயிடும்.

அதே பூவத்தில் ஒரு கூடையைத் திறந்து ஒரு புறாவை விடுங்க. நேர்க்கோட்டில் சென்னை சுமார் 240 கிலோமீட்டர். நல்ல ஹோமர் புறா மணிக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர் பறக்கும். காலை டிபன் நேரத்தில் விட்டால், மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஏதோ ஒரு மொட்டை மாடியில் போய் இறங்கிவிடும். டிக்கெட் கிடையாது. கூகுள் மேப் கிடையாது.

ஆனால் ஒரே ஒரு கண்டிஷன். அந்தப் புறாவின் வீடு சென்னையில் இருக்க வேண்டும்!

ஆமாம் பாஸ். சினிமாவில் ராஜகுமாரி காதில் ஏதோ சொல்லி அனுப்ப, புறா நேராக ராஜகுமாரன் ஜன்னலில் போய் உட்காருமே... அதெல்லாம் டூப்பு. எந்தப் புறாவையும் 'அங்கே போ' என்று சொல்லி அனுப்ப முடியாது. எங்கே கொண்டுபோய் விட்டாலும் அதற்குத் தெரிந்தது ஒரே ரூட்தான், வீட்டுக்குத் திரும்புகிற ரூட். புறா பந்தயம் என்கிற விளையாட்டு மொத்தமும் இந்த ஒரு குணத்தின் மேலேதான் நிற்கிறது.

மூணு ஜாதி, மூணு ஆட்டம்

2015-இல் வந்த 'மாரி' படத்தில் தனுஷ் புறா வளர்த்ததைப் பார்த்து விசிலடிச்சிருப்பீங்க. படம் வருவதற்குப் பல காலம் முன்பிருந்தே ராயபுரம், வியாசர்பாடி, புளியந்தோப்பு என வடசென்னை மொட்டை மாடிகளில் மரக்கூண்டுகள் இருக்கின்றன. அங்கே போய் 'புறா ரேஸ்' என்று பொதுவாகச் சொன்னால், 'எந்த ரேஸ்?' என்று திருப்பிக் கேட்பார்கள்.

கர்ணப் புறா என்று ஒரு வகை. வானத்தில் குட்டிக்கரணம் போடும். சாதா புறா இன்னொரு வகை. தன் வீட்டுக்கு மேலேயே உயர உயரப் போய், மணிக்கணக்கில் இறங்காமல் சுற்றும். எத்தனை நேரம் தாங்குகிறது என்பதுதான் போட்டி. மூணாவதுதான் நம்ம ஹீரோ, ஹோமர். இதற்குத் தூரம்தான் போட்டி.

சென்னை ஹோமர் ரேஸ்கள் பெரும்பாலும் வடக்கே போய்த் திரும்புகிறவை. புறாக்களைக் கூடைகளில் அடைத்து ஆந்திரா, தெலங்கானா, அதையும் தாண்டி மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் வரை வண்டியில் கொண்டுபோவார்கள். விஜயவாடாவிலிருந்து சென்னைக்கு நேர்க்கோட்டில் சுமார் 380 கிலோமீட்டர், நாக்பூரிலிருந்து சுமார் 900. விடிந்ததும் கூடைகளை ஒரே நேரத்தில் திறப்பார்கள். படபடவென்று ஒரு சத்தம், தலைக்கு மேலே ஓரிரு வட்டம், அப்புறம் தெற்குப் பக்கம் சில புள்ளிகள், அவ்வளவுதான். இங்கே சென்னையில் ஒரு மனுஷன் மொட்டை மாடியில் கழுத்து வலிக்க வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

லேட்டா வந்தும் ஜெயிக்கலாம்!

ஸ்டார்ட்டிங் பாயின்ட் எல்லாப் புறாவுக்கும் ஒன்று. ஃபினிஷிங் பாயின்ட் மட்டும் ஆளாளுக்கு வேறு, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வீடு. அப்புறம் எப்படி ஜெயித்தது யார் என்று சொல்வது?

கணக்கு ஈஸிதான். புறா 'ஏ'யின் கூண்டு 300 கிலோமீட்டர் தூரத்தில். 5 மணி நேரத்தில் வந்துவிட்டது. அதாவது நிமிஷத்துக்கு 1,000 மீட்டர். புறா 'பி'யின் கூண்டு ஊரின் அந்தக் கோடியில், 306 கிலோமீட்டர். 5 மணி 5 நிமிஷத்தில் வந்தது. வகுத்துப் பாருங்க, நிமிஷத்துக்கு 1,003 மீட்டர். அஞ்சு நிமிஷம் லேட்டா வந்த 'பி'தான் வின்னர்! அதனால்தான் ஒவ்வொரு கூண்டின் இடத்தையும் துல்லியமாக அளந்து வைக்கிறார்கள்.

குஞ்சு பொரிந்து ஒரு வாரம் ஆகும்போது காலில் நம்பர் போட்ட வளையம் மாட்டுவார்கள். கால் வளர்ந்ததும் அது கழலாது. அதுதான் அந்தப் புறாவின் ஆதார் கார்டு. அந்தக் காலத்தில் ரேஸுக்கு முன்பு காலில் ஒரு ரப்பர் வளையம் போட்டு, வந்ததும் அதைக் கழற்றி ஒரு பிரத்யேகக் கடிகாரப் பெட்டிக்குள் போட்டு நேரத்தைப் பதிவார்கள். இப்போது பல நாடுகளில் காலில் ஒரு சிப். கூண்டு வாசலில் கால் வைத்த நொடியே நேரம் பதிவாகிவிடும். இதிலும் ஒரு ட்விஸ்ட். வீட்டுக்கு வந்த புறா கூண்டுக்குள் போகாமல் எதிர்வீட்டு வாட்டர் டேங்க் மேலே உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தால், ரேஸ் கோவிந்தா!

மண்டைக்குள்ளே என்ன மேப்?

விஞ்ஞானிகள் இதில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். சூரியனை வைத்துத் திசை பார்க்கிறது என்பது முதல் விடை. ஒரு புறாவை ஓர் அறைக்குள் அடைத்து, செயற்கை வெளிச்சத்தால் அதன் பகல் இரவை ஆறு மணி நேரம் மாற்றி வைத்துப் பாருங்க. வெயிலில் வெளியே விட்டால் கிட்டத்தட்ட 90 டிகிரி தப்பான திசையில் கிளம்பும். அதாவது அதன் உடம்புக்குள் ஒரு கடிகாரம், அதை வைத்துச் சூரியனைப் படிக்கிற ஒரு காம்பஸ்.

அப்போ மேகமூட்டமான நாளில்? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கீட்டன் புறாக்கள் மேல் குட்டிக் காந்தங்களைக் கட்டி விட்டார். 1971-இல் வந்த அவருடைய முடிவு: சூரியன் தெரியாத நாளில் காந்தம் சுமந்தவை குழம்பிப்போயின. பூமியின் காந்தப் புலத்தையும் அவை உணர்கின்றன என்பதற்கு அது பெரிய தடயம். இத்தாலியின் ஃப்ளோரியானோ பாப்பி குழு 1970-களில் இன்னொரு கதவைத் திறந்தது. காற்று கொண்டுவரும் வாசனைகளை வைத்தே புறா தன் ஊர் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கிறதாம். 2004-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இன்னும் சுவாரஸ்யமான ஒன்றைச் சொன்னார்கள். பழகிய ஏரியாவில் பல புறாக்கள் கீழே இருக்கும் ரோட்டையே ஃபாலோ பண்ணி, ஜங்ஷனில் நம்மைப் போலவே திரும்புகின்றன!

எது எவ்வளவு பங்கு என்ற சண்டை இன்னும் முடியவில்லை. சுமார் ரெண்டு கிராம் எடையுள்ள மூளைக்குள் இத்தனை சமாச்சாரம் என்று நினைத்தால் நமக்குத்தான் தலை சுற்றுகிறது.

பாரிஸ் டு டண்டீ டு கட்டாக்

புறாவுக்காகத் தன் தொடைச் சதையையே தராசில் வைத்த சிபியைத் தங்கள் முன்னோன் என்று சொல்லிக்கொண்டவர்கள் சோழர்கள். அந்தச் சோழ மண்ணின் கடலோரத்தில்தான் பூவம் இருக்கிறது. காரைக்காலுக்குத் தெற்கே ஒரு எட்டு போனால் நாகூர் தர்கா மினாராக்களைச் சுற்றிப் புறாக் கூட்டம். அதனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புறா ஒன்றும் புதுசில்லை.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த காலத்தில், அவர்களுடைய தலைநகர் பாரிஸ் 1870-71-இல் பிரஷ்யப் படையின் முற்றுகையில் மாட்டியது. ஊருக்குள்ளிருந்து புறாக்களைப் பலூனில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். வெளியூர்ச் செய்திகளை நுண்ணிய ஃபிலிமாக்கி அவற்றிடம் கட்டிவிட்டார்கள். கடுங்குளிரில், முந்நூறுக்கும் மேற்பட்டவற்றில் பாரிஸுக்குத் திரும்பியவை அறுபது கூட இல்லை. ஆனால் வந்தவை கொண்டுவந்த செய்திகள் ஆயிரக்கணக்கில்.

அடுத்தது ஸ்காட்லாந்து. சுரங்கத் தொழிலாளிகளும் கப்பல் கட்டும் தொழிலாளிகளும் வீட்டுக்குப் பின்னாடி கூண்டு வைத்து வளர்த்தெடுத்த விளையாட்டு அங்கே புறா ரேஸ். 1907-லேயே ஸ்காட்டிஷ் ஹோமிங் யூனியன் அமைத்துவிட்டார்கள். 1942 பிப்ரவரியில் ஒரு பிரிட்டிஷ் போர் விமானம் வட கடலில் விழுந்தது. உள்ளே நாலு பேர். எங்கே விழுந்தோம் என்று சரியாகச் சொல்ல வழியில்லை. விமானத்தில் இருந்த ஒரு பெண் புறா இறகெல்லாம் எண்ணெயோடு சுமார் 190 கிலோமீட்டர் பறந்து, டண்டீ பக்கத்தில் இருந்த தன் கூண்டுக்குப் போய் விழுந்தது. காலில் கடிதம் எதுவும் இல்லை. வந்த நேரம், காற்றின் திசை, இறகில் இருந்த எண்ணெயின் சுமை, இவற்றை வைத்தே கணக்குப் போட்டு விமானப்படை இடத்தைக் குறித்தது. நாலு பேரும் பிழைத்தார்கள். அந்தப் புறாவின் பெயர் விங்கி. மிருகங்களின் வீரத்துக்குத் தரும் டிக்கின் மெடலை 1943-இல் முதன்முதலில் வாங்கியவர்களில் அதுவும் ஒன்று.

நம்ம நாட்டிலும் ஒரு கதை இருக்கு. 1946-இல் ராணுவம் கொடுத்த புறாக்களோடு ஒடிஷா போலீஸ் ஒரு புறாத் தபால் சேவையைத் தொடங்கியது. 1982 வெள்ளத்திலும் 1999 சூப்பர் புயலிலும் மற்ற தொடர்புகள் அறுந்தபோது அந்தப் புறாக்கள் செய்தி சுமந்தன. கட்டாக்கில் இன்றும் அந்த வம்சத்தைப் பாரம்பரியமாகப் பாதுகாக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் செல்போன் டவர்கள் செத்துக் கிடந்த ராத்திரிகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இன்னொரு பக்கமும் இருக்கு

2020-இல் பெல்ஜியத்தில் 'நியூ கிம்' என்ற பெண் புறா 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. நம்ம பணத்தில் அப்போது சுமார் 14 கோடி! பணம் புகுந்த இடத்தில் பெட்டிங்கும் புகும், சண்டையும் புகும். புறா வளர்க்கிறவன் என்றாலே ஒரு மாதிரி பார்க்கிறார்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. கிளம்பியதெல்லாம் திரும்புகிறதா? இல்லை. வழியில் வல்லூறு இருக்கிறது, மின்கம்பி இருக்கிறது, திடீர் மழை இருக்கிறது. தடை போட்ட பிறகும் ஒழியாத மாஞ்சா நூல் வேறு இருக்கிறது. தூரம் கூடக் கூட இழப்பும் கூடும். முட்டையிலிருந்து பார்த்து வளர்த்த ஒன்று, ரெண்டு நாளாகியும் வரவில்லை என்றால் கூண்டில் அந்த இடம் காலியாகவே இருக்கும். பறவை நல ஆர்வலர்கள் இந்த விளையாட்டையே எதிர்ப்பது இதனால்தான். ஒரு கப்புக்காக எத்தனை உயிரைப் பணயம் வைக்கலாம்? கூடையைத் தூக்கும் முன்பு ஒவ்வொருத்தரும் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

இன்னொன்று, உங்க நெஞ்சு சம்பந்தப்பட்டது. புறா இறகின் தூசும் காய்ந்த எச்சமும் வருஷக்கணக்கில் மூச்சில் போனால், சிலருக்கு நுரையீரல் நிரந்தரமாகப் பாதிக்கப்படும். கூண்டு சுத்தம் பண்ணும்போது மாஸ்க் கட்டாயம். இருமல் விடவில்லை என்றால் டாக்டரிடம் 'புறா வளர்க்கிறேன்' என்பதையும் மறக்காமல் சொல்லுங்க.

ஆசை வந்துடுச்சா?

வளர்ந்த புறாவை வாங்கி வந்து மறுநாளே திறந்துவிட்டீங்கன்னா, அது பழைய ஓனர் வீட்டுக்கே போய்விடும். காசு அவருக்கு, புறாவும் அவருக்கு! அதனால் குஞ்சிலிருந்து தொடங்கணும். ஜோடி ரெண்டு முட்டையிடும். அப்பாவும் அம்மாவும் மாறி மாறிப் பதினெட்டு நாள் போல அடைகாக்கும். பொரிந்த குஞ்சுக்கு ரெண்டு பேருமே தொண்டைப் பையில் சுரக்கும் பாலை ஊட்டும். பறக்கத் தொடங்கியதும் முதலில் கூண்டைச் சுற்றி மட்டும் விட்டுப் பழக்குங்க. அப்புறம் 5 கிலோமீட்டர், 10, 20, 50 என்று மெதுவாகக் கூட்டணும். கம்பு, சோளம், கோதுமை, பயறு, பட்டாணி, கொஞ்சம் கிளிஞ்சல் தூள், சுத்தமான தண்ணீர்... இவ்வளவும் ஒரு நாள் கூட லீவு இல்லாமல். செமஸ்டர் எக்ஸாம் அன்றைக்கும்!

இத்தனையும் செய்தாலும், கூடை திறந்த பிறகு உங்க கையில் எதுவுமே இல்லை. விசிலடிக்க முடியாது, விரட்ட முடியாது, ரிமோட் கிடையாது. தீனி, நிழல், ஜோடி, குஞ்சு என்று திரும்பி வரத் தோன்றுகிற மாதிரி ஒரு வீட்டை முன்னாடியே கட்டி வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வளர்க்கிறவரால் முடியும். ரேஸில் பறப்பது புறாதான். ஆனால் ஜெயிப்பது அந்த வீடு.

பூவத்துக்குப் பக்கத்தில், திருவேட்டக்குடி என்.ஐ.டி. ஹாஸ்டலில் எங்கெங்கோ ஊர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். பூவத்துப் பிள்ளைகளோ சென்னையிலும் கோவையிலும் மேன்ஷன்களில். பொங்கல் லீவுக்கு முதல் நாள் ராத்திரி பஸ் ஸ்டாண்டில் அந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்கீங்க இல்லையா? சீட் இல்லை, சில்லறை இல்லை, நின்றுகொண்டே ஏழு மணி நேரம். இருந்தும் ஒருத்தர் முகத்திலும் சலிப்பு இல்லை.

அடுத்த முறை அந்தக் கூட்டத்தில் நீங்க நிற்கும்போது, தூரத்தில் ஒரு மொட்டை மாடியில் யாரோ கழுத்து வலிக்க ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதை ஞாபகம் வையுங்க. முடிந்தால், கிளம்பும்போதே ஒரு போன் அடிச்சிடுங்க. புறாவுக்குத்தான் அந்த வசதி கிடையாது!